பொது இடம் இருந்தால்தானே பொது உரிமை

சுடுகாட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பேச வந்தது விளையாட்டு மைதானத்தைப் பற்றித்தான்.

1948 நவம்பர் 29. அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தின் 9ஆவது பிரிவு விவாதத்துக்கு வந்தது. இன்றைக்கு அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவாக இருப்பது அதுதான். கடை, ஓட்டல், கேளிக்கை இடம், கிணறு, குளம், படித்துறை, ரோடு, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிற பிரிவு. பொதுமக்கள் கூடும் இடம் என்றால் சுடுகாடும் அதில் சேருமா என்று கேள்வி எழுந்தது. அரசாங்கப் பணத்தில் பராமரிக்கிற சுடுகாடு என்றால் எல்லோருக்கும் உரிமை உண்டு என்றார் அம்பேத்கர். பஞ்சாயத்தோ நகராட்சியோ அரசாங்கமோ நடத்துகிற சுடுகாடே ஓர் ஊரில் இல்லையென்றால் அங்கே யாருக்கும் உரிமையில்லை, உரிமை கேட்க அங்கே பொது இடமே கிடையாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

சட்ட விளக்கமாகத்தான் சொன்னார். ஆனால் நம்ம வரலாற்றில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது. கிணறு, குளம், படித்துறை, ரோடு, கூடும் இடம் ஆகியவற்றுக்கு, முழுவதுமோ ஒரு பகுதியோ அரசாங்க நிதியில் பராமரிக்கப்பட வேண்டும், அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்டிருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அரசாங்கம் மைதானம் போட்டால்தான் உனக்கு உரிமை. போடாவிட்டால் ஏட்டில் உரிமை இருக்கும், கால் வைக்க மண் இருக்காது.

இந்த வாசகம் சும்மா வந்ததில்லை. 1923இல் பம்பாய் சட்டசபையில் போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப் பணத்தில் கட்டிய நீர்நிலைகளும் சத்திரங்களும் தீண்டப்படாதோருக்குத் திறக்கப்பட வேண்டும் என்றது. 1924இல் சென்னை சட்டசபையில் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் தெரு, கிணறு, குளத்தோடு பொதுமக்கள் கூடும் இடங்களையும் கேட்டது. தீர்மானம் போட்டதும் கதவு திறந்துவிடவில்லை. மகாத் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ள 1927இல் ஆயிரக்கணக்கில் திரள வேண்டியிருந்தது. அடியும் வாங்க வேண்டியிருந்தது.

தண்ணீருக்கே இந்தப் பாடு என்றால் விளையாட்டுக்கு? பல்வங்கர் பாலுவை நினைத்துப் பாருங்கள். புனாவில் வெள்ளைக்காரர்களின் ஜிம்கானாவில் மாதம் 4 ரூபாய்க்கு ஆடுகளத்தை உருட்டிச் சீர்செய்தவர். துரைமார்கள் மட்டை பிடித்துப் பழக மணிக்கணக்கில் பந்து போட்டுக் கொடுத்தவர். அவர் கைக்கு மட்டை வரவில்லை. பிறகு இந்துக்கள் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் போட்ட பந்து வேண்டியிருந்தது. தேநீர் மட்டும் வெளியில், தனியாக மண் குவளையில். 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். அப்படியும் தலைமை கொடுக்கவில்லை. அவர் தம்பி விட்டல் 1923இல்தான் தலைவரானார். மைதானத்தைப் பராமரித்தவன் தலித், மைதானம் கிளப்புக்குச் சொந்தம். கிளப்பு இடத்தில் தயவுதான் கிடைக்கும்.

என் ஊர்க் கதையும் இதுதான். ஊர்ப் பேரு வேண்டாம். ஏரிக்கரைக்குக் கீழே ஒரு களம். ஊர்ப் பசங்க ஆடுவாங்க, நாங்க பந்து பொறுக்குவோம். "எங்களையும் சேத்துக்கச் சொல்லுப்பா"ன்னு கேட்டப்ப எங்கப்பா, "அது அவங்க களம்டா, சாமி"ன்னார். அதுக்கு மேல பேச்சில்ல. அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு மைதானம் வந்த பிறகுதான் ரெண்டு தெருவும் ஒரே பந்தை உதைச்சது. சண்டையும் அங்கதான் வந்துச்சு. ஆனா "உனக்கு இங்க என்னடா வேலை"ன்னு ஒருத்தனும் கேக்க முடியல.

அந்த மைதானம் மாதிரி இடங்களைத்தான் இன்றைக்குக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இப்போது சாதிப் பெயர் சொல்லித் துரத்த வேண்டியதில்லை, டிக்கெட் போட்டால் போதும். 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம் 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விடத் தீர்மானம் போட்டது. ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய். எதிர்ப்பு கிளம்பியதும் கட்டணம் இல்லை என்று பின்வாங்கினார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு 120 ரூபாய் என்ன என்று நமக்குத் தெரியும். காசில்லாதவனை வாசலில் நிறுத்துவதை 15ஆவது பிரிவு தீண்டாமை என்று பார்க்காது. நிற்பவன் மட்டும் அதே ஆள்தான்.

இந்தச் சங்கதியோடு கொல்லிமலைக்குப் போவோம். மலையாளிப் பழங்குடிகள் வாழும் அந்த மலையில் 14 நாடுகள், அவையே இன்று 14 ஊராட்சிகள். எடப்புளி நாடு அதில் ஒன்று. அங்கே சமமான இடம் அரிது. இருக்கிற சமதளத்தை நெல்லும் வீடும் ரோடும் எடுத்துக்கொள்ளும். மீதி சரிவு, அதற்கு மேல் காடு. சமவெளியில் புறம்போக்கில் நாலு குச்சி நட்டால் மைதானம். மலையில் மண் வெட்டிச் சமப்படுத்தணும், அதுக்குப் பணம் வேணும். தனி ஆளால் ஆகாது, அரசாங்கம்தான் போடணும்.

காட்டு நிலத்தைக் கேட்கலாமா? 2006 வன உரிமைச் சட்டம் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, ரோடு, சமுதாயக் கூடம் என்று 13 வசதிகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்கு உட்பட்டு இடம் விட வழி செய்கிறது. அந்த 13இல் விளையாட்டு மைதானம் இல்லை. பழங்குடிப் பிள்ளைக்குப் படிப்பும் அரிசியும் போதும், ஆட்டம் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ. தமிழ்நாட்டில் எந்தப் பகுதியும் ஐந்தாம் அட்டவணையில் இல்லாததால், பழங்குடி கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த மலைக்கு ஏறவில்லை.

திட்டங்களுக்குக் குறைவில்லை. 2006இல் அண்ணா பெயரில் மறுமலர்ச்சித் திட்டம், 2020இல் அம்மா பெயரில் இளைஞர் விளையாட்டுத் திட்டம், 2024இல் கலைஞர் பெயரில் 33 வகை விளையாட்டு உபகரணங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பந்து கொடுப்பது ஒரு நாள் வேலை. புல் வெட்டவும் மழையில் கரைந்த மண்ணை நிரப்பவும் வருஷா வருஷம் ஒதுக்கினால்தான் அது மைதானமாக நிற்கும். இல்லாவிட்டால் முள்ளு முளைக்கும், பிறகு "சும்மாதானே கிடக்கு" என்று யாராவது வேலி போடுவான்.

வருஷந்தோறும் ஆடியில் வல்வில் ஓரிக்கு அரசு விழா, வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஓரியைக் கொண்டாடுவது நல்லதுதான். மீதி நாட்களில் அந்த மலைப் பிள்ளைகள் எங்கே நின்று பழகுவது?

விழா முடிந்து இரண்டு வாரத்தில் ஆகஸ்ட் 15 கிராம சபை வரும். எடப்புளி நாட்டிலும் சரி, உங்கள் காலனியிலும் சரி, அன்றைக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். நம்ம ஊராட்சியில் விளையாட்டு மைதானம் என்று கணக்கில் ஏறிய இடத்தின் சர்வே நம்பர் என்ன? இந்த வருஷம் அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? எல்லாத் தெருப் பிள்ளைகளும், பொம்பளைப் பிள்ளைகளும் அங்கே ஆடுகிறார்களா? பதில் இல்லையென்றால், பதில் இல்லை என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.