அச்சுக்கு முந்திய ஆய்வு: மாநாட்டு அரங்கிலிருந்து திறந்த களஞ்சியத்திற்கு

முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்றது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவர் தனிநாயகம் அடிகளார் முன்னின்று நடத்திய அம்மாநாட்டின் கட்டுரைகள் 1968, 1969 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தன. 1968 சனவரியிலேயே சென்னையில் இரண்டாம் மாநாடும் கூடிவிட்டது. அரங்கில் இருந்தோர் உடனே கேட்டறிந்ததை, 200 கிலோமீட்டருக்கு அப்பால் கமுந்திங்கில் வாழ்ந்த தமிழன்பர் படிக்க ஈராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் தொகுதி கைக்கு எட்டினால்தான்.

இயற்பியலாளர் இத்தகைய காலத்தாழ்வை முன்பதிப்புகளை அஞ்சலில் அனுப்பிக் கடந்தனர். 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமாஸில் தொடங்கிய மின்களஞ்சியம் அவ்வழக்கத்தை எல்லார்க்கும் பொதுவாக்கியது. இன்று ஆர்க்கைவ் எனப்படும் அதில் நாள் பொறிக்கப்படுவதால் கருத்தின் முன்னுரிமையும் காக்கப்படுகிறது. எனினும் அங்கு இடம்பெறுவது துறையறிஞரின் முழு மதிப்பீட்டைப் பெற்றதாகாது.

திராவிடவியலும் இத்தகைய முன்னறிவிப்பைக் கண்டதுண்டு. அசுகோ பார்ப்போலாவும் அவர்தம் பின்லாந்துக் குழுவினரும் 1969இல் சிந்துவெளி எழுத்து பற்றிய தம் முடிவுகளை ‘முதல் அறிவிப்பு’ என்றே தலைப்பிட்டு வெளியிட்டனர். ஐயங்கள் பல எழுந்தன. பார்ப்போலா 1994இல் வெளியிட்ட பெருநூல் முன்னதைவிட அடக்கமான குரலில் பேசுகிறது. அவ்வறிவிப்பு பிழையன்று, திருத்தத்திற்கு வாயில் திறந்தது என்பதே நம் கருத்து.

பேராக் தோட்டங்களைப் பற்றிய ஆய்வுக்கு இவ்விரைவு இன்னும் இன்றியமையாதது. பால்மரம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட, குடும்பங்கள் சிதறின. இதழின் வரிசையில் கட்டுரை காத்திருக்கும் காலத்தில், அதைப் படித்துத் ‘தவறு’ என்று சொல்லத்தக்க முதியவர் மறைந்துவிடக்கூடும். முன்பதிப்பைக் கமுந்திங்கிலும் தைப்பிங்கிலும் உள்ளோர் படித்தால், தோட்டத்துப் பிரிவுகளின் பேச்சுவழக்குப் பெயர்கள் முதலியவற்றை அச்சேறுமுன் திருத்தலாம்.

ஆயினும் வாய்மொழிச் சான்றுக்கு ஒரு தடை உண்டு. ஆர்க்கைவில் கட்டுரையைத் திரும்பப் பெற்றாலும் முந்தைய வடிவம் அங்கேயே நிற்கும். வட்டிக்கடன், சாதிப் பூசல், தண்டல்மாரின் கொடுமை என நம்பிக்கையில் சொல்லப்பட்டவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே நேர்காணலுக்குப் பெறும் இசைவே போதும் எனக் கொள்ளலாகாது. முன்பதிப்பாகப் பொதுவில் வைப்பதற்குத் தனி இசைவு பெறவேண்டும். பெயரை மட்டும் மறைப்பதும் போதாது. சிறிய தோட்டமொன்றில் ‘பள்ளிக்குப் பின்வரிசை வீட்டார்’ என்றாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.