லண்டன் குழாயும் நியூ ஜெர்சி கடையும்

கொள்கையின் விளைவை அளக்கக் கற்போர் 'வேறுபாடுகளின் வேறுபாடு' என்ற முறையை, ஒரு பக்கத்தின் மாற்றத்திலிருந்து மறுபக்கத்தின் மாற்றத்தைக் கழிக்கும் ஒரு சூத்திரமாகவே முதலில் சந்திக்கிறார்கள். 1854-இல் லண்டன் காலராவை ஆராய்ந்த ஜான் ஸ்நோவையும், 1992-இல் நியூ ஜெர்சியின் ஊதிய உயர்வை ஆராய்ந்த டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் இணையையும் அருகருகே வைத்துப் படித்தால் அந்தக் கழித்தலுக்குள் இருக்கும் துணிவு புலப்படும்.

தெற்கு லண்டனில் லாம்பெத் நிறுவனம் 1852-இல் தேம்ஸின் மேற்பகுதிக்கு மாறி நல்ல நீர் எடுத்தது; சதர்க்-வாக்ஸ்ஹால் நிறுவனம் கழிவு கலந்த பழைய இடத்திலேயே எடுத்தது. பழைய நீர் மட்டுமே பாய்ந்த வட்டாரங்களில் 1849-இல் 2,261 பேர் காலராவுக்குப் பலியானார்கள், 1854-இல் 2,458 பேர். இரு நிறுவனக் குழாய்களும் கலந்தோடிய வட்டாரங்களிலோ 3,905 என்பது 2,547 ஆயிற்று.

நியூ ஜெர்சி குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது, பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. துரித உணவுக் கடையின் சராசரிப் பணியாளர் எண்ணிக்கை, முழுநேரக் கணக்கில், நியூ ஜெர்சியில் 20.44-லிருந்து 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் 23.33-லிருந்து 21.17-க்கு இறங்கியது.

இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஸ்நோவிடம் ஒப்பீட்டுப் பக்கம் ஏறக்குறைய நின்றது, மாற்றம் கண்ட பக்கம் சரிந்தது. கார்ட்-க்ரூகரிடம் மாற்றம் கண்ட பக்கம் நின்றது, ஒப்பீட்டுப் பக்கம் சரிந்தது. கணக்கு ஒன்றே ஆனாலும் நம்பச் சொல்லும் அளவு வேறு. ஊதியம் உயராதிருந்தால் நியூ ஜெர்சியும் அண்டை மாநிலத்தைப் போலவே இறங்கியிருக்கும் என்று ஒப்புக்கொண்டால்தான் இரு மாநில மாற்றங்களுக்கும் இடையிலான 2.76 என்ற வித்தியாசம் கொள்கையின் விளைவாகும். வேலை குறையவில்லை என்ற முடிவு எனக்கு உறுதியாகவே படுகிறது; பெருகியது என்பதை அதே உறுதியோடு ஏற்க முடியவில்லை.

இரு ஆய்வுகளுக்கும் இடையிலான எதிர்பாராத உறவு வாசற்படியில் இருக்கிறது. தண்ணீர்க் கட்டணத்தை வீட்டு உரிமையாளரே கட்டியதால், குடியிருந்த பலருக்கு எந்த நிறுவனத்தின் நீர் என்றே தெரியாது. ஸ்நோ குப்பியில் நீரை வாங்கி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தார். சதர்க்-வாக்ஸ்ஹால் நீரில் உப்பு ஏறத்தாழ நாற்பது மடங்கு அதிகம். உப்போடு சேர்ந்து வெள்ளி நைட்ரேட் தந்த வெண்படிவின் அளவே எந்த வீடு எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டது. கார்ட்-க்ரூகரும் தொலைபேசியில் கிடைக்காத கடைகளுக்கு ஆளனுப்பி, திறந்திருக்கிறதா, மூடிவிட்டதா என்று பார்த்தார்கள். நிரந்தரமாக மூடிய கடைகளின் வேலையைப் பூஜ்யமெனப் பதிந்தார்கள். பிழைத்த கடைகளை மட்டும் எண்ணியிருந்தால், ஊதிய உயர்வால் கடைகள் மூடப்பட்டனவா என்ற கேள்வியே கணக்கிலிருந்து நழுவியிருக்கும்.

ஸ்நோவுக்கு ஒரு பேறு வாய்த்தது: ஒரே தெருவில், பணக்காரர் ஏழை வேறுபாடின்றி, இரு குழாய்களும் அடுத்தடுத்த வீடுகளுக்குள் நுழைந்தன. ஆகவே 1854-ஐ மட்டுமே வைத்து, பத்தாயிரம் வீடுகளுக்கு சதர்க்-வாக்ஸ்ஹால் பக்கம் 315 சாவு, லாம்பெத் பக்கம் 37 சாவு என்று ஒப்பிட அவரால் முடிந்தது. கார்ட்-க்ரூகருக்கு இடையே மாநில எல்லை கிடந்தது. அதனால் நியூ ஜெர்சிக்குள்ளேயே அப்படி ஓர் அண்டை வீட்டைத் தேடினார்கள். சட்டத்துக்கு முன்பே 5 டாலரோ கூடுதலோ கொடுத்துவந்த கடைகளை உயர்வு பெரிதாகத் தொடவில்லை. அந்தக் கடைகளில் பணியாளர் எண்ணிக்கை 2.04 இறங்கியிருந்தது, பென்சில்வேனியாவின் இறக்கம் 2.16.