விதை வேணும்னா குளவி வேணும்

அத்திப்பழத்தைப் பிட்டா அத்தனையும் பூச்சின்னு நம்ம ஊர்ல கேலியா சொல்வாங்க. அந்தப் பூச்சி இல்லேன்னா முளைக்கிற விதையே கிடையாதுங்க! ஆல், அரசு, இச்சி எல்லாமே அத்திக் குடும்பம்தான். பெரும்பாலும் ஒவ்வொரு வகைக்கும் தனக்குன்னு ஒரு குட்டிக் குளவி. அது காய்க்குள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்தால்தான் விதை பிடிக்கும்.

இதை நல்லா புரிஞ்சுக்க ஹவாய் தீவுகளின் கதையைச் சொல்றேன். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே அவிழ்த்துவிட்ட மாடுகள் மலைக்காட்டை மேய்ந்தே அழித்தன. காடு போனா தண்ணி போகும், தண்ணி போனா கரும்பு போகும்னு தோட்ட முதலாளிகளுக்குப் பயம். அவர்கள் சங்கத்தின் தாவரவியலாளர் ஹெரால்ட் லயன், உள்ளூர் மரங்கள் இனி தேறாதுன்னு முடிவு கட்டி, வெளிநாட்டு அத்தி இனங்களை வளர்க்கச் சொன்னார்.

மரம் வந்தது, விதை வரவில்லை. குளவி இல்லையே! 1921-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து மோர்டன் பே அத்திக்கான குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். 1938-ல் இச்சிக்கான குளவியும் வந்து சேர்ந்தது.

அப்புறம் என்ன, பறவைகள் பழத்தைத் தின்று எச்சமிட்ட இடமெல்லாம் இச்சிதான். சுவரு, பாலம், உள்ளூர் மரத்தோட கிளை எதையும் விடலை. இன்னைக்கு அங்கே அது ஒரு களை.

லயனைத் திட்ட எனக்கு மனசு வரலை. தண்ணிக்குப் பயந்து செய்தது அது. ஆனா ஒண்ணு, மரத்தை மட்டும் கொண்டுவந்தவரை எங்கே வளரணும்னு மனுஷன் முடிவு பண்ணினான். குளவியும் வந்த பிறகு அதைப் பறவைகள் முடிவு பண்ணுது.