ஊர் கூடாத இருபது மாதம்



விதை, உரம், மருந்து என்று பேசுகிற இந்த நேரத்தில் இன்று கொஞ்சம் சரித்திரம் பேசலாம் என்றிருக்கிறேன். ரொம்பப் பழைய சரித்திரம் அல்ல, கொரோனாக் காலத்து விஷயம்தான். நம் புதுச்சத்திரம் ஒன்றியத்து ஊராட்சிகளின் கிராமசபைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். 2020 ஜனவரி 26-ஆம் தேதி ஒரு கூட்டம். அதற்கடுத்த கூட்டம் 2021 அக்டோபர் 2-ஆம் தேதி. நடுவிலே இருபது மாதம் காலி. இங்கே மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இதே கதைதான்.

இந்தக் காலி இடம் ஏன் உறுத்துகிறது என்றால், அதற்கு முன்பும் நாம் காத்துக்கொண்டுதான் இருந்தோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் தேர்தல் இல்லை, தனி அலுவலர் நிர்வாகம். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நாமக்கல் உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2020 ஜனவரி 6-ல் புதிய தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் பதவி ஏற்றார்கள். இருபது நாளில் குடியரசு தினக் கிராமசபை. மைக்கைப் பிடிக்கவே கூச்சப்பட்ட புதுத் தலைவர்கள் அடுத்த கூட்டத்தில் சரியாகிவிடுவார்கள் என்று நாமும் நினைத்தோம். மார்ச் 24 நள்ளிரவில் ஊரடங்கு வந்துவிட்டது.

1918-ல் இன்ஃப்ளூயன்சா விஷக் காய்ச்சல் வந்தபோது இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். அப்போது கிராமத்தான் தன் குறையைச் சொல்லச் சட்டப்படி ஓர் இடம் கிடையாது. சென்னை மாகாணக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமே 1920-ல்தான் வந்தது. வாக்காளர் எல்லாரும் உறுப்பினர் என்கிற இன்றைய கிராமசபைக்கு அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தமும், நம் மாநிலத்தின் 1994-ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டமும் வேண்டியிருந்தன. ஊராட்சியின் வரவு செலவு, வளர்ச்சித் திட்டம், நூறு நாள் வேலையில் எந்தக் குளத்தைத் தூர் வாருவது என்பதெல்லாம் அந்தக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டியவை.

2020 மே தினக் கூட்டம் ரத்து. சுதந்திர தினக் கூட்டமும் ரத்து. நோய் பரவும் என்ற பயம் நியாயமானது, அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டத்தை முதல் நாள் நிறுத்தினார்களே, அப்போது பஸ் ஓடிக்கொண்டிருந்தது. சந்தையும் கூடியது. நூறு நாள் வேலைக்கு ஆட்கள் வரப்பில் இடைவெளி விட்டு நின்று மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண் வெட்ட இடைவெளி விட்டு நிற்கத் தெரிந்தவர்களுக்குக் கூட்டத்தில் உட்காரத் தெரியாதா? வார்டு வார்டாகப் பிரித்து வேப்பமரத்தடியில் பேசியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அதன் பிறகு 2021 ஜனவரி, மே, ஆகஸ்ட் கூட்டங்களும் போயின. ஆக, ஆறு கூட்டங்கள்.

ஊர் பேசவில்லையே தவிர, திட்டம் நிற்கவில்லை. நிதி வந்தது, வேலையும் நடந்தது. 2020-21-ல் நாடு முழுவதும் நூறு நாள் வேலையில் சுமார் 389 கோடி மனித நாட்கள் பதிவாயின. அந்தத் திட்டம் இருந்த காலத்திலேயே அதுதான் உச்சம். நம் மாநிலத்தில் கூலி 229 ரூபாயிலிருந்து 256 ஆகியிருந்தது. லாரியிலும் ரிக் வண்டியிலும் வெளி மாநிலம் போயிருந்த நம் பக்கத்துப் பிள்ளைகள் வேலையில்லாமல் ஊர் திரும்பியிருந்தார்கள். ஊரின் தேவையே மாறிப்போன சமயம் அது. ஆனால் மாறின தேவையைக் கேட்க வேண்டிய கூட்டம் இல்லை. தலைவர், செயலர், அதிகாரி இவர்களுக்குத் தெரிந்த அளவில் பட்டியல் தயாரானது.

என் துறையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். அதே 2020-ல்தான் குச்சிக்கிழங்குக்குப் புது மாவுப்பூச்சி வந்தது. முதலில் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் கண்டறிந்தார்கள். பிறகு நாமக்கல், சேலம், தருமபுரி மாவட்டங்களுக்குப் பரவிவிட்டது. குருத்து சுருண்டு, கணு நெருங்கி, செடி முடிச்சுப் போட்ட மாதிரி நிற்கும். பார்த்திருப்பீர்கள். இது ஒருவர் காட்டில் மருந்தடித்தால் தீருகிற பூச்சியல்ல. காற்றில் பரவும், விதைக் குச்சியோடும் வரும். தாக்கின காட்டுக் குச்சியை யாரும் நடுவதில்லை, பிடுங்கின செடியை வரப்பில் போடாமல் எரிப்பது என்று ஊரே சேர்ந்து கட்டுப்பாடு செய்தால்தான் பலன். அப்படி ஊர் சேர்ந்து முடிவு எடுக்க இருந்த ஒரே சட்டபூர்வமான இடம் அப்போது பூட்டிக் கிடந்தது. நாங்கள் காடு காடாகப் போய்ச் சொன்னோம். பத்துப் பேரிடம் தனித்தனியாகச் சொல்வதும் பத்துப் பேர் ஒருவருக்கொருவர் சாட்சியாக ஒப்புக்கொள்வதும் ஒன்றாகுமா?

கடைசியில் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்த அனாகைரஸ் லோபெசி என்னும் ஒட்டுண்ணிக் குளவி 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. அதற்குள் பல காடுகள் நஷ்டப்பட்டு விட்டன.

வேறு மாநிலத்தில் எப்படி என்று கேட்பீர்கள். கேரளத்தில் 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தால் ஊராட்சியோடு ஜனங்கள் உட்கார்ந்து பேசிப் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கம் இருந்ததால் ஊரடங்கு தொடங்கின சில நாளிலேயே ஊராட்சிகளும் குடும்பஸ்ரீ பெண்களும் சமுதாயச் சமையற்கூடங்களை நடத்த முடிந்தது. ஒடிசாவில் 2020 ஏப்ரலில் ஊராட்சித் தலைவர்களுக்குக் கலெக்டரின் அதிகாரத்தையே கொஞ்சம் பிரித்துக் கொடுத்தார்கள். தலைவருக்கு அதிகாரம் கொடுப்பது வேறு, ஊர் கூடிப் பேசுவது வேறு என்பதையும் மறக்கக் கூடாது.

2021 அக்டோபர் 2-ல் அப்போதைய முதலமைச்சர் மதுரை மாவட்டம் பாப்பாபட்டிக் கிராமசபையில் போய் உட்கார்ந்தார். 2022 முதல் மார்ச் 22 தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1-ஆம் தேதியையும் சேர்த்து வருஷத்துக்கு ஆறு கூட்டம் என்று ஆக்கினார்கள். 2019-ல் நாம் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அறுபது மாதத்தில் இருபது மாதம் கூட்டமில்லாமலே கழிந்துவிட்டது.

குச்சிக்கிழங்கு போடுகிறவர்கள், நடவுக்கு முன்னால் வருகிற கிராமசபையில் விதைக் குச்சியை எங்கிருந்து வாங்குவது என்பதை ஒரு பொருளாக வைக்கச் சொல்லி ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். வாயால் சொன்னால் பதிவாகாது. மனுவின் நகலில் தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.