பனி வீதியில் பின்சில்லு வாகனம்: ஊரில் பழகிய கால் அங்கே மாற வேண்டும்

எங்கள் ஊர்களில் உழைப்புக்கு ஓடும் வாகனங்களில் பெரும்பாலானவை பின்சில்லால் தள்ளப்படுபவை. ஓட்டோ, பட்டா, ஹயஸ் வான், லொறி, பஸ், உழவு இயந்திரம் எல்லாவற்றிலும் இயந்திரத்தின் விசை பின்சில்லுக்குத்தான் போகிறது. அதற்கென்று நாங்கள் தனிப் பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கனடாவுக்குப் போன ஒருவர்தான் தன் முதலாவது பனிக்காலத்தில் 'ரியர் வீல் டிரைவ்' என்ற சொல்லைக் கவனிக்கிறார். அதுவும் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையாகவே அவர் காதில் விழுகிறது: அந்தக் காரை வாங்காதே, ஸ்னோவில் சுத்திவிடும்.

அந்த எச்சரிக்கை பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. போருக்குப் பின்னர் இங்கிருந்து போனவர்களில் பலருக்கு முதலில் கிடைக்கும் வேலை வாகனத்தோடு சேர்ந்தது. சாப்பாட்டு விநியோகம், பொதி விநியோகம், டாக்சி, ஊபர், விடியற்காலையில் பத்திரிகை போடுவது என்று அது நீளும். கையில் இருக்கும் காசுக்கு அகப்படும் பழைய வானோ பிக்கப்போ பல வேளைகளில் பின்சில்லு வாகனமாகவே இருக்கும். ஏஜென்சிக்குப் பட்ட கடன், தங்கையின் கலியாணம், அம்மாவின் மருந்து எல்லாம் அந்த ஒரு வாகனத்தை நம்பி நிற்கின்றன. அது ஓர் இரவு வீதித் தடுப்பில் போய் மோதினால், அடி கிளிநொச்சியில் ஒரு வீட்டிலும் விழும். ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாகனம் ஓடும் உறவினர்கள், நண்பர்களிடம் கேட்டும், அந்நாடுகளின் வீதி விதிகளை வாசித்தும் இதைத் தொகுத்திருக்கிறேன்.

பனியில் என்ன மாறுகிறது?

டயர் வீதியைப் பற்றும் பிடியைக் கையில் உள்ள பணமாக நினைத்துப் பாருங்கள். காய்ந்த தார் வீதியில் ஒரு டயரிடம் நூறு ரூபாய் இருக்கிறது என்றால், இறுகிய பனியில் அதனிடம் இருப்பது முப்பது ரூபாய்க்கும் குறைவு. ஐசில் பதினைந்து ரூபாய்கூட இராது. வேகம் எடுக்க, பிரேக் பிடிக்க, திரும்ப என்ற மூன்று செலவும் இந்தப் பணத்தில் இருந்தே போக வேண்டும்.

முன்சில்லு இழுக்கும் காரில், இழுப்பதும் திருப்புவதும் அதே முன்சில்லுகள்தான். பணம் முடிந்தால் கார் திரும்ப மறுத்து நேரே போகும். சாரதி பயந்து எக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் பிடி திரும்பி வந்துவிடும். பின்சில்லு வாகனத்தில் முன்சில்லு திருப்புகிறது, பின்சில்லு தள்ளுகிறது. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பின்சில்லு தன்னிடம் உள்ள அத்தனையையும் தள்ளுவதற்கே செலவழித்துவிட்டால், பக்கவாட்டில் நிலைத்து நிற்க அதனிடம் எதுவும் மிஞ்சாது. வாகனத்தின் பின்பக்கம் வெளியே வீசும். அந்த நேரத்தில் பயத்தில் பிரேக்கை மிதிப்பது நிலைமையை மோசமாக்கும்.

அடுத்தது பாரம். முன்சில்லு காரில் இயந்திரம் இழுக்கும் சில்லுகளின் மேலேயே இருக்கிறது. மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ 60 வீதம் அவற்றின் மீது விழும். வெறும் பிக்கப்பிலோ வானிலோ நிலைமை தலைகீழ். ஹயஸ் வானை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் முன் ஆசனத்துக்குக் கீழே, தள்ளுவது பின்சில்லு. பொதிகளை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது, தள்ள வேண்டிய சில்லின் மேல் பாரமே இல்லை. விநியோகச் சாரதிகள் பலர் சொல்வதும் இதுதான்: போகும்போது ஒழுங்காகப் போன வான், திரும்பி வரும்போதுதான் குணத்தைக் காட்டும்.

நிறுத்தும் தூரம்

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம், பிரேக் பிடித்த கணத்தில் இருந்து காய்ந்த வீதியில் ஏறத்தாழ 14 மீற்றரில் நிற்கும். இறுகிய பனியில் அதே வேகத்துக்கு 50 மீற்றர் வரை தேவை. ஐசில் 100 மீற்றரை நெருங்கும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி எடுத்தால், அதற்கே இன்னொரு 14 மீற்றர். இந்தக் கணக்கு முன்சில்லு, பின்சில்லு, நான்கு சில்லு என்று பார்ப்பதில்லை. நான்கு சில்லும் இயங்கும் வாகனம் புறப்படும்போது மட்டும்தான் கெட்டிக்காரன். நிறுத்தும்போது எல்லாரும் சமம். அதனால் வழமையாக மூன்று விநாடி இடைவெளி விட்டு ஓடுபவர், பனியில் எட்டுப் பத்து விநாடி விட வேண்டும்.

பனியை விட மோசமானது கறுப்பு ஐஸ். வெறும் ஈரம் போலத் தெரியும் மெல்லிய ஐஸ் படலம் அது. பாலங்களின் மேலேயும் மேம்பாலங்களிலும் முதலில் உறையும், ஏனென்றால் அவற்றின் கீழாலும் குளிர்காற்று போகிறது. வீதிக்குப் போடும் சாதாரண உப்பு ஏறத்தாழ மறை 10 பாகைக்குக் கீழே போனால் சரிவர வேலை செய்யாது. உப்புப் போட்ட வீதி என்று நம்பி ஓடுவது கடுங்குளிர் இரவுகளில் பலிக்காது.

முதல் செலவு டயருக்கு

பின்சில்லு வாகனம் வைத்திருப்பவர் ஒரே ஒரு விடயத்துக்குத்தான் பணம் செலவழிக்க முடியும் என்றால், அது விண்டர் டயர். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனதும் கோடைகால டயரின் இறப்பர் இறுகத் தொடங்குகிறது. பனி விழாவிட்டாலும் பிடி குறையும். விண்டர் டயரின் இறப்பர் குளிரிலும் மிருதுவாக இருக்கும். அதன் வெட்டுக்கள் பனியைக் கவ்வும். டயரின் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து மட்டும் போதாது.

காசை மிச்சம் பிடிக்கப் பின்னுக்கு மட்டும் இரண்டு விண்டர் டயர் போடுபவர்கள் உண்டு. தள்ளுவது பின்சில்லுதானே என்பது அவர்கள் நியாயம். ஆனால் பிரேக் பிடிக்கும்போது பெரும் பங்கு வேலையைச் செய்வது முன்சில்லு. திருப்புவதும் அதுதான். நான்கும் போட வேண்டும். பழைய டயர் வாங்குபவர்கள் வெட்டின் ஆழத்தை அளந்து பார்க்க வேண்டும். 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தது பனிக்கு உதவாது. காற்றையும் மாதமொருமுறை பார்க்க வேண்டும். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்க, ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ காற்றழுத்தம் இறங்கும். ஓகஸ்டில் 25 பாகையில் அடித்த காற்று, ஜனவரியில் மறை 15 பாகையில் ஏழு பிஎஸ்ஐ வரை குறைந்திருக்கும்.

மண்மூட்டை எங்கே வைப்பது?

மண்மூட்டை என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது பங்கர். கனடாவில் அதைக் கடையில் வாங்கி வாகனத்தின் பின்னால் வைக்கிறார்கள். வெறும் பிக்கப்புக்கும் வானுக்கும் இது உண்மையாகவே உதவும். ஆனால் மூட்டை பின் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். அசையாமல் கட்டப்பட வேண்டும். அச்சுக்கு மிகவும் பின்னால் வைத்தால் முன்பக்கம் இலேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. வாகனம் சுழலத் தொடங்கினால் அந்தப் பாரமே அதை இன்னும் சுழற்றும். கட்டாத மூட்டை, மோதும் நேரத்தில் முன்னால் பறந்து வரும். முன்னும் பின்னும் பாரம் ஏறத்தாழச் சமமாக உள்ள கார்களுக்கு மூட்டை தேவையில்லை. எனினும் ஒரு சிறு மண்பையை வைத்திருப்பது நல்லது. புதைந்தால் சில்லுக்கு முன்னால் கொட்டலாம்.

காலை எப்படிப் பாவிப்பது?

புறப்படும்போது முன்சில்லுகளை நேராக வைத்து மெல்ல மிதிக்க வேண்டும். மனுவல் கியர் என்றால் இரண்டாம் கியரில் எடுக்கலாம். ஓட்டோமற்றிக்கில் 'ஸ்னோ' அல்லது 'விண்டர்' பொத்தான் இருந்தால் அதைப் பாவிக்கலாம். வளைவுக்கு முன்னரே, வாகனம் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து முடிக்க வேண்டும். வளைவுக்குள் பிரேக்கும் வேண்டாம், வேகமும் வேண்டாம். வெளியே வந்து ஸ்டியரிங் நேரான பிறகுதான் எக்சிலேற்றர். குரூஸ் கொன்ட்ரோலைப் பனியில் தொடவே கூடாது.

மலைநாட்டு வீதிகளில் ஓடியவர்களுக்கு இறக்கத்தில் கியரைக் குறைத்துப் போவது கைவந்த பழக்கம். பின்சில்லு வாகனத்தில் அந்தப் பழக்கம் பனியில் காலை வாரும். சட்டென்று கியரைக் குறைத்தால் இயந்திரம் பிடித்திழுப்பது பின்சில்லுகளை மட்டும். வழுக்கும் வீதியில் அது கைப்பிரேக்கை இழுத்ததற்குச் சமம். கியரை இறக்கம் தொடங்க முன்னரே, மெதுவாக மாற்ற வேண்டும்.

பின்பக்கம் வீசினால்

பிரேக்கை விடுங்கள். எக்சிலேற்றரை மெல்ல விடுங்கள். மனுவல் என்றால் கிளச்சை மிதியுங்கள். பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்: வலப்பக்கம் வீசினால் வலப்பக்கம். கண் மதிலையோ மின்கம்பத்தையோ பார்க்கக் கூடாது. போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போகும் இடத்துக்குக் கை போகும். வாகனம் நேராகத் தொடங்கியதும் ஸ்டியரிங்கையும் உடனே நேராக்க வேண்டும். பலர் பிழைப்பது முதல் வீச்சில், அகப்படுவது இரண்டாம் வீச்சில். திருப்பிய ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே வைத்திருந்தால், வாகனம் மறுபக்கம் இன்னும் வேகமாக வீசும்.

கனடாவில் 2011 செப்டெம்பர் 1இல் இருந்து தயாரிக்கப்பட்ட கார்களிலும் சிறிய பிக்கப், வான்களிலும் இலத்திரனியல் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம். வாகனம் சுழலப் பார்த்தால், தேவையான சில்லுக்கு மட்டும் தானே பிரேக் பிடித்து நேராக்கும் ஏற்பாடு அது. அதற்கு முந்திய வாகனம் வாங்குபவர், இது இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது உயிருக்கு இலாபம். ரொறொன்ரோவில் டாக்சியாக நெடுங்காலம் ஓடிய பின்சில்லுக் காரான ஃபோர்ட் கிரவுன் விக்டோரியாவின் தயாரிப்பு, ஒன்ராறியோவின் சென் தோமஸ் தொழிற்சாலையில் முடிந்ததும் அதே 2011 செப்டெம்பரில்தான்.

புதைந்தால்

வன்னியில் மாரிச் சேற்றில் உழவு இயந்திரம் தள்ளிய எவருக்கும் இது புதிதல்ல. சில்லைச் சுழற்றச் சுழற்ற அது இறங்கிக்கொண்டே போகும். பனியில் இன்னொரு கேடும் உண்டு. சுழலும் டயரின் சூடு பனியை உருக்கும். அது திரும்ப உறைந்து கண்ணாடி போலாகும். முதலில் சவளால் சில்லுக்கு முன்னும் பின்னும் உள்ள பனியை அள்ளுங்கள். ஊரில் தடியும் ஓலையும் போட்ட இடத்தில் இங்கே மண், பூனைக்கழிவுக்குப் போடும் மணல், கால்மிதி. பிறகு முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி எடுங்கள். சில்லு சுழல்வதைத் தடுக்கும் டிராக்சன் கொன்ட்ரோல், இந்த நேரத்தில் விசையையே வெட்டிவிடும் என்பதால் அதைச் சற்று நிறுத்தி, வெளியே வந்ததும் திரும்பப் போடலாம். உள்ளே இருந்து உதவிக்குக் காத்திருப்பதானால், புகைபோக்கியை மூடிய பனியை முதலில் அகற்ற வேண்டும். அடைபட்டால் மணமில்லாத கார்பன் மொனொக்சைட் உள்ளே வந்து கொல்லும்.

மின்சாரக் கார்களோடு திரும்பி வந்த கதை

பின்சில்லு பழைய வாகனங்களோடு போய்விடும் என்று நினைத்திருந்த காலத்தில், மின்சாரக் கார்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. டெஸ்லா மொடல் 3, ஹியுண்டாய் ஐயோனிக் 5 போன்றவற்றின் விலை குறைந்த வகைகள் பின்சில்லால் இயங்குபவை. மோட்டார் பின்னால் இருப்பதால் பாரமும் அங்கே விழுகிறது. சில்லு சுழல்வதைக் கணினி மிக விரைவாக அடக்குகிறது. ஆனால் எக்சிலேற்றரை விட்டதும் மின்னைத் திரும்பச் சேமிக்கும் பிரேக், இவற்றில் பின்சில்லையே பிடித்திழுக்கிறது. ஐசில் காலைச் சட்டென்று எடுப்பது கியர் குறைப்பதைப் போன்றதே. அதைக் குறைத்து வைக்கும் வசதி உள்ள காரில், குறைத்து வைப்பது நல்லது.

சட்டமும் காப்புறுதியும்

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் போட்டிருப்பவருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு கொடுக்க வேண்டும் என்பது 2016 ஜனவரியில் இருந்து விதி. கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம். ஜேர்மனியில் பனி, ஐஸ் உள்ள வீதியில் விண்டர் டயர் இல்லாமல் ஓடுவது குற்றம். 2024 ஒக்டோபரில் இருந்து மலைக்குறி உள்ள டயர் மட்டுமே செல்லும். சுவிற்சர்லாந்தில் நேரடிக் கட்டாயம் இல்லாவிட்டாலும், பொருந்தாத டயரால் விபத்து நேர்ந்தால் பொறுப்பு சாரதியின் தலையில் விழும்.

நோர்வேயில் கார் பழகுபவர்கள் வழுக்கும் தளத்தில் பயிற்சி எடுக்காமல் அனுமதிப்பத்திரம் பெற முடியாது. ஒன்ராறியோவில் ஜூலையில் வீதிப் பரீட்சை கொடுப்பவர், பனியைத் தொடாமலே சித்தியடைந்துவிடலாம். அந்தக் குறையைத் தானேதான் நிரப்பிக்கொள்ள வேண்டும். முதற் பனி விழுந்ததும், அனுமதி பெற்று, வெறுமையான ஒரு வாகனத் தரிப்பிடத்தில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடித்தும் திருப்பியும் பாருங்கள். ஒரு மணித்தியாலம் போதும். தன் வாகனம் எந்த இடத்தில் பிடியை விடுகிறது என்பதைக் கால் கற்றுக்கொள்ளும்.

இங்கே இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பனிக்காலத்தில் எங்களுக்குக் காலை ஏழு மணி என்றால் ரொறொன்ரோவில் முந்திய நாள் இரவு எட்டரை. சாப்பாட்டு விநியோகம் உச்சத்தில் இருக்கும் நேரம். அங்கே பனி கொட்டும் நாளில் பிள்ளை அழைப்பை எடுக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். வேலை முடிந்து அவரே எடுக்கட்டும்.