மூன்றாம் உறைவிடத்தில் நிற்பவர்கள்

1577ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், மூவொரு இறைவன் பெருவிழா. ஸ்பெயின் நாட்டின் தொலேதோ நகரத்துக் கார்மேல் மடத்தில், அறுபத்திரண்டு வயதான துறவி ஒருவர் எழுதுகோலை எடுத்தார். எழுத அவருக்கு மனமில்லை. மூன்று மாதங்களாகத் தலைக்குள் ஓயாத இரைச்சல், தளர்ச்சி. கீழ்ப்படிதலின் பொருட்டே எழுதுவதாக முன்னுரையிலேயே குறித்துவிட்டார். அவர் முன்னர் எழுதிய தன்வரலாறு மறைவிசாரணை மன்றத்தின் கையில் இருந்தது. புதிய மடங்களை நிறுவாமல் ஒரே மடத்தில் அடங்கியிருக்க வேண்டும் என்ற சபையின் ஆணையும் அவர்மேல் இருந்தது. அந்தத் துறவிதான் அவிலா நகரப் புனித தெரேசா. அன்று அவர் தொடங்கிய நூல், ஆன்மாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட கோட்டையாகக் காட்டும் 'அகக் கோட்டை'.

பல ஆண்டுகளாக ஞாயிறு திருப்பலியையும் மாலைச் செபமாலையையும் தவறவிடாத நம் குடும்பத் தலைவர்களும் தலைவியரும் சில வேளைகளில் மெல்லிய குரலில் கேட்பதுண்டு: "இத்தனை ஆண்டுகளில் நாம் உண்மையிலேயே வளர்ந்திருக்கிறோமா? செபத்தில் முன்பிருந்த சுவை இப்போது இல்லையே!" இக்கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டே தெரேசாவின் நூலை அணுகுவோம்.

ஆன்மிக வாழ்வில் நிலைகள் உண்டு என்னும் எண்ணம் தெரேசாவுக்கு மிகவும் மூத்தது. கொரிந்து நகரக் கிறிஸ்தவரை இன்னும் பாலுண்ணும் குழந்தைகள் எனப் பவுலடியார் கடிந்துகொண்டபோதே அது தொடங்கிவிட்டது. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜென், இஸ்ரயேல் மக்கள் பாலைநிலத்தில் பாளையமிறங்கிய நாற்பத்திரண்டு இடங்களையும் ஆன்மா கடந்துசெல்லும் தங்கல்களாக விளக்கினார். ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலைத் துறவி யோவான் முப்பது படிகள் கொண்ட ஏணி ஒன்றை நூலாக்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கர்த்தூசிய மடத்தலைவர் இரண்டாம் கீகோ, வாசிப்பு, தியானம், செபம், காட்சி என நான்கே படிகளில் தம் ஏணியை அமைத்தார். புனித அக்குவினா தோமா, குழந்தை வளர்ந்து ஆளாவதுபோலத் தொடங்குவோர், வளர்வோர், நிறைவடைந்தோர் என மூவகை காட்டினார். தூய்மை பெறும் வழி, ஒளி பெறும் வழி, ஒன்றிப்பு வழி என்று ஞானநூல்களில் நாம் காணும் பகுப்பும் இம்மரபில் வந்ததே.

ஏணி நல்ல உவமைதான். ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. ஏணியில் நிற்பவர் தாம் எத்தனையாவது படியில் இருக்கிறோம் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். அடுத்தவர் எந்தப் படியில் இருக்கிறார் என்றும் பார்க்கிறார்.

தெரேசா படிகளை எண்ணிப் பெருமைப்படும் நிலையில் இருந்தவர் அல்லர். 1535இல் அவிலா நகரின் மனிதவதார மடத்தில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்குள் கொடிய நோய் தாக்கிற்று. நான்கு நாட்கள் உணர்வற்றுக் கிடந்தார். மடத்தில் அவருக்குக் கல்லறைக் குழியும் தோண்டிவிட்டார்கள். பிழைத்தெழுந்த பின்னும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முடக்கம். அதன்பின் வந்த சோதனையோ நோயைவிடக் கடினமானது. தம் தந்தைக்குத் தியான செபத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவரே பின்னர் அச்செபத்தைக் கைவிட்டார். தந்தையிடம் உடல்நலக் குறைவைக் காரணமாகச் சொன்னார். மகள்மீது கொண்ட அன்பால் தந்தையும் அதை நம்பிவிட்டார். 1543இல் தந்தை இறந்தபின், அவருடைய ஆன்ம குருவாக இருந்த தொமினிக்கன் சபைத் துறவி ஒருவரே தெரேசாவை மீண்டும் செபத்திற்குத் திருப்பினார். திரும்பியும் இனிமை கிட்டவில்லை. செப நேரம் எப்போது முடியும் என்று கடிகார ஒலிக்குக் காதுகொடுத்துக் காத்திருந்த நாட்களைத் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதுகிறார். இப்படி ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! 1554இல், முப்பத்தொன்பதாம் வயதில், காயமுற்ற கிறிஸ்துவின் சுரூபத்தின் முன்னே உள்ளம் உடைந்து விழும்வரை இந்தத் தடுமாற்றம் நீடித்தது.

திருச்சபையில் ஆன்மிக நிலைகளைப் பற்றி மிகத் தெளிவாக எழுதியவர் ஒரே இடத்தில் நீண்டகாலம் நின்றுபோனவர் என்பதை நாம் மறக்கலாகாது.

அதனால்தான் அவர் ஏணியை விட்டுக் கோட்டையைத் தேர்ந்தார் என்பது நம் கருத்து. அக்கோட்டையின் அறைகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் எண்ணிப் பார்க்கவேண்டா என்று அவரே எச்சரிக்கிறார். தம் நாட்டில் உண்ணப்படும் ஒரு சிறு பனையின் குருத்தை உவமையாகக் காட்டுகிறார். மட்டைமேல் மட்டையாகப் பொதிந்திருக்க, சுவையான பகுதி நடுவில் இருக்கிறது. பனங்குருத்து தின்றறிந்த நமக்கு இது விளக்கம் வேண்டாத உவமை. நடுவில் அரசர் வீற்றிருக்கிறார். சுற்றிலும், மேலும் கீழும் அறைகள். எவ்வளவு உள்ளே சென்றவரும் தன்னையறிதல் என்னும் முதல் அறைக்குத் திரும்பத் திரும்ப வந்துதான் ஆகவேண்டும்.

முதல் இரண்டு உறைவிடங்களை விரைவில் கடந்துவிடலாம். உலகக் கவலைகளோடு வாயிலில் நுழைந்தோரும், அழைக்கும் குரலைக் கேட்டும் எழமுடியாமல் போராடுவோரும் அங்கே இருக்கிறார்கள். மூன்றாம் உறைவிடத்தில்தான் தெரேசாவின் எழுத்து கூர்மை பெறுகிறது. அங்கே வாழ்வோர் நல்லவர்கள். பாவத்திற்கு அஞ்சுவர், நேரத்தை வீணாக்கார், அறச்செயல்கள் புரிவர், பேச்சிலும் உடையிலும் இல்லற ஒழுங்கிலும் குறை சொல்ல இடமில்லை. நம் பங்குகளைத் தாங்கி நிற்போர் இவர்கள்தாமே! இத்தகையோரைக் குறித்துத் தெரேசா ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். பிள்ளைகளோ வாரிசோ இல்லாத செல்வர் ஒருவர் சொத்தில் சிறிது இழக்கிறார். மிஞ்சியது அவருக்கும் வீட்டாருக்கும் தாராளமாகப் போதும். ஆனால் அவரோ பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டவர்போல் கலங்குகிறார். அனைத்தையும் விட்டுவிடு என்று ஆண்டவர் இவரிடம் எப்படிக் கேட்பார்? இன்னொருவர் தம் மதிப்பு சற்றே குறைந்ததும் நாள்கணக்கில் அமைதி இழக்கிறார்.

இவர்களுக்கு அறிவுரை கூறிப் பயனில்லை என்கிறார் தெரேசா. நெடுநாள் புண்ணியம் பயின்றவர்கள் ஆதலால் பிறருக்குப் போதிக்கும் தகுதி தங்களுக்கு உண்டென எண்ணுகிறார்கள். தம் வருத்தங்களுக்குத் தாமே புனிதர் பட்டம் சூட்டிக்கொள்கிறார்கள். இவர்களுடைய தவமுயற்சிகளும் இவர்களைப்போலவே அளவோடு இருக்கின்றன. உடல்நலம் கெடுமே என்று அஞ்சவேண்டியதில்லை என்பது அவருடைய மெல்லிய கேலி. எட்டு நாளில் முடிக்கக்கூடிய பயணத்தை, காற்றிலும் பனியிலும் விடுதி விடுதியாகத் தங்கி ஓராண்டாக இழுப்பானேன் என்று கேட்கிறார். இப்பக்கங்களை நாம் வாசித்தபோது சிரிப்பு வந்தது. சிறிது நேரத்தில் அது அடங்கிவிட்டது.

இவ்விடத்தில் செபம் வறண்டுபோவதைத் தெரேசா தண்டனையாகக் கொள்வதில்லை. நாம் யார் என்று காட்டித் தாழ்மையைக் கற்பிக்க ஆண்டவர் விடும் சோதனையே அது. இனிமை குறைந்ததைப் பின்னடைவின் அடையாளமாக எண்ணி வருந்துவோர் இதனைக் கருதவேண்டும்.

நான்காம் உறைவிடம் தொட்டு, மனித முயற்சியைவிட இறைவனின் செயலே மேலோங்குகிறது. ஐந்தாவதில் பட்டுப்புழுவின் உவமை வருகிறது. தாம் நேரில் கண்டதில்லை, கேள்விப்பட்டதே என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். புழு தன் கூட்டுக்குள் மடிந்து வெண்ணிற வண்ணத்துப்பூச்சியாக வெளிப்படுகிறது. இவ்வளவு உயர்ந்த நிலையைப் பேசும் இடத்திலேயே அவர் வைக்கும் உரைகல் மிக எளியது. இறைவனை அன்புசெய்கிறோமா என்பதை உறுதியாக அறிவது அரிது. அயலாரை அன்புசெய்கிறோமா என்பதை அறியலாம். செபத்தின் இன்பம் கலைந்துவிடுமோ என்று அசையவும் அஞ்சி அமர்ந்திருப்போரைப் பார்த்து, நோயுற்ற சகோதரிக்கு உதவ முடியுமானால் அந்தப் பக்தியை இழந்தாலும் கவலையில்லை, எழுந்து செல்லுங்கள் என்கிறார்.

நூல் பாதியில் நின்றது. அவருக்குத் துணைநின்ற திருத்தந்தையின் தூதர் அந்த ஜூன் மாதத்திலேயே இறந்தார். ஜூலையில் தெரேசா அவிலாவுக்குச் சென்றார். அக்டோபரில், பழைய மனிதவதார மடத்தின் தலைவியாக அவரைத் தேர்ந்து வாக்களித்த துறவியர் திருச்சபை விலக்குக்கு உள்ளானார்கள். இந்தக் கொந்தளிப்பின் நடுவே மீண்டும் எழுத அமர்ந்து, நவம்பர் 29இல் நூலை முடித்தார். சில நாட்களில், டிசம்பர் தொடக்கத்தில், அவருக்கு வழிகாட்டிய சிலுவை யோவான் சிறைபிடிக்கப்பட்டார். இத்தகைய நாட்களில் எழுதப்பட்ட ஏழாம் உறைவிடத்தில், நாம் எதிர்பார்க்கும் பரவசங்கள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. அங்கே மார்த்தாவும் மரியாவும் சேர்ந்தே ஆண்டவருக்கு விருந்தளிக்கிறார்கள். இறைவனோடு ஒன்றித்தவரிடமிருந்து பிறக்கவேண்டியவை செயல்களே என்பது தெரேசாவின் முடிவு.

1588இல் சலமாங்கா நகரில் நூல் முதன்முதலாக அச்சேறியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் புனிதத்திற்கான அழைப்பு பொதுநிலையினர் உள்ளிட்ட அனைவருக்கும் உரியது என்று அறிவித்தது. 1970 செப்டம்பர் 27இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தெரேசாவைத் திருச்சபையின் மறைவல்லுநராக உயர்த்தினார். பெண்களுள் அப்பெருமையை முதலில் பெற்றவர் அவரே.

நூலின் முடிவுரையில் தெரேசா தம் சகோதரியரிடம் விடைபெறுகிறார். சுவர்களுக்குள் அடைபட்டு, இடவசதியும் பொழுதுபோக்கும் குறைந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். இந்தக் கோட்டைக்குள் நுழைய மடத்தலைவியின் அனுமதி தேவையில்லை, எந்த நேரத்திலும் உள்ளே சென்று உலவலாம் என்று அவர்களுக்குச் சொல்லிவைக்கிறார்.