தூக்கணாங்குருவியும் பாடும் பறவைகளின் மூளையும்

வடசென்னையில் திருவொற்றியூரை அடுத்துள்ள விம்கோ நகர், வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்னும் தீப்பெட்டி ஆலையின் சுருக்கப் பெயரால் அழைக்கப்படும் பகுதியாகும். இதற்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தைக் கடந்து மீஞ்சூர், பொன்னேரி நோக்கிச் சென்றால் நெல்வயல்களும் பனைமரங்களும் தென்படும். பனையோலைகளின் நுனியில் தொங்கும் கூடுகளைக் கட்டுவது தூக்கணாங்குருவி. பறவையின் உடலையும் மூளையையும் ஹார்மோன்களும் கூட்டு வாழ்வும் எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அறிய இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் இக்குருவிக்குத் தனி இடம் உண்டு.

பாடும் பறவை எது?

தமிழில் பாட்டுக்குப் பெயர் பெற்றது குயில். ஆனால் விலங்கியல் வகைப்பாட்டில் குயில் பாடும் பறவை அன்று. காக்கைக் கூட்டில் வளரும் குயில்குஞ்சு காக்கையைப் போலக் கரையாமல் தன் இனத்தின் குரலையே பெறுகிறது. மாறாக, காக்கை, சிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி, சில்லை ஆகியவை பாடும் பறவைகள் என்னும் பிரிவைச் சேர்ந்தவை. இப்பிரிவின் பறவைகள் மூத்தவற்றைக் கேட்டுக் குரலைக் கற்கின்றன. 1950களில் இங்கிலாந்தில் டபிள்யூ. எச். தார்ப், தனிமையில் வளர்க்கப்பட்ட சாஃபின்ச் குஞ்சுகள் முழுமையற்ற எளிய பாட்டையே பாடுவதை ஒலிப்பட வரைவுகள் மூலம் காட்டினார்.

ஹார்மோன் ஆய்வின் தொடக்கம்

1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்தோல்டு இளம் சேவல்களின் விந்தகங்களை நீக்கினார். அவற்றின் கொண்டை சுருங்கியது, கூவுவதும் நின்றது. விந்தகத்தை வயிற்றறைக்குள் மீண்டும் பொருத்தியபோது கொண்டையும் கூவலும் திரும்பின. விந்தகத்தில் தோன்றும் ஏதோ ஒரு பொருள் குருதி வழியே உடல் முழுவதும் செயல்படுகிறது என்ற கருத்து இதிலிருந்து பிறந்தது. பிற்காலத்தில் அப்பொருள் டெஸ்டோஸ்டிரோன் என அறியப்பட்டது. ஆண் சிட்டுக்குருவியின் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுப்பதும் இதே ஹார்மோனால்தான்.

கிஹிம் முதல் காசி வரை

1930இல் வேலையிழந்து மும்பைக்கு அருகிலுள்ள கிஹிம் என்ற கடலோர ஊரில் தங்கியிருந்த சாலிம் அலி, தூக்கணாங்குருவிக் குடியிருப்பு ஒன்றை நாள்தோறும் கவனித்தார். ஆண் குருவி பாதிக்கூடு கட்டி, அதில் தொங்கிச் சிறகடித்துப் பாடுகிறது. பெண் வந்து கூட்டைச் சோதித்து ஏற்றுக்கொண்ட பிறகே ஆண் அதை முழுமையாக்குகிறது. பின்னர் வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1931இல் வெளிவந்த இக்கட்டுரை அவருக்குப் பறவையியலாளர் என்ற மதிப்பைப் பெற்றுத் தந்தது.

1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. தப்ளியாலும் அவருடன் பணியாற்றியவர்களும் இதே பறவையின் உள்ளியக்கத்தை ஆராய்ந்தனர். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் உச்சந்தலை பளிச்சென்ற மஞ்சளாகிறது. இதற்குக் காரணம் விந்தகம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இந்த மஞ்சள் இறகை, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் லூட்டினைசிங் ஹார்மோன் நேரடியாகக் கட்டுப்படுத்துவது தெரியவந்தது. பகற்பொழுதின் நீளத்திற்கும் விந்தக வளர்ச்சிக்கும் உள்ள உறவையும் இக்குழு ஆராய்ந்தது. பகலொளி, மூளை, சுரப்பி, இறகு என்ற தொடர்பு இவ்வாறு இந்தியப் பறவை ஒன்றிலேயே விளங்கியது.

வளர்ந்து சுருங்கும் மூளை

பாட்டுக்குரிய மூளைப் பகுதிகளை நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ நோட்டபோம் குழுவினர் கண்டறிந்தனர். கேனரி, ஜீப்ரா ஃபின்ச் ஆகிய இனங்களில் எச்.வி.சி. முதலிய பகுதிகள் பெண்ணைவிட ஆணில் பெரியவை என 1976இல் நோட்டபோமும் ஆர்தர் அர்னால்டும் அறிவித்தனர். 1981இல், கேனரியின் எச்.வி.சி. இலையுதிர் காலத்தைவிட வசந்தத்தில் ஏறத்தாழ இருமடங்காக இருப்பது தெரிந்தது. 1983இல் ஸ்டீவன் கோல்ட்மனும் நோட்டபோமும் வளர்ந்த கேனரியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதைக் காட்டினர். வளர்ந்த விலங்கின் மூளையில் நரம்பணு புதிதாகப் பிறக்காது என்ற நெடுநாள் கொள்கை இதனால் ஆட்டங்கண்டது.

உறவும் மூளையும்

இம்மாற்றங்களுக்கு ஹார்மோன் மட்டுமே காரணம் அன்று. 1999இல் அமெரிக்காவில் வெண்கொண்டைக் குருவிகளில் நடந்த ஆய்வில், ஒரே அளவு பகலொளி பெற்றபோதும், பெண்களுடன் வாழ்ந்த ஆண்களின் பாட்டுப் பகுதிகள் மிகுதியாக வளர்ந்திருந்தன. 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு, பெருங்கூட்டத்தில் விடப்பட்ட ஜீப்ரா ஃபின்ச்களின் மூளையில் கூடுதலான புதிய நரம்பணுக்கள் நிலைத்திருப்பதைக் காட்டியது. தூக்கணாங்குருவியின் ஆப்பிரிக்க உறவினமான வெண்புருவச் சிட்டுநெசவாளியில், கூட்டத்தின் தலைமை ஆணுக்கே எச்.வி.சி. பெரிதாக இருக்கிறது. அதாவது ஹார்மோன் நடத்தையை மாற்றுகிறது. அந்நடத்தையால் அமையும் உறவு, திரும்ப ஹார்மோனையும் மூளையையும் மாற்றுகிறது.

வளர்ப்பு வாழ்வின் விளைவுக்கும் சான்று உண்டு. தென்னிந்தியாவிலும் வாழும் வெண்முதுகுச் சில்லை 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்று பெங்காலி ஃபின்ச் என்ற வளர்ப்புப் பறவையானது. கசுவோ ஒகனோயாவின் ஆய்வுகளின்படி, வளர்ப்புப் பறவையின் பாட்டு காட்டுச் சில்லையின் பாட்டைவிடச் சிக்கலானது. வேட்டையாடும் எதிரிகள் இல்லாத வாழ்வில் இம்மாற்றம் நேர்ந்திருக்கலாம் என்பது அவரது விளக்கம்.

இன்றைய நிலை

அரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் சௌம்யா ஐயங்கார் குழுவினர் ஜீப்ரா ஃபின்ச்சின் பாடும் உந்துதலையும் காக்கையின் மூளை அமைப்பையும் ஆராய்ந்துள்ளனர். இந்தியப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1990-91 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. சில்லையையோ தூக்கணாங்குருவியையோ தனிக்கூண்டில் அடைத்தால் அது பறக்கும் வெளியை மட்டும் இழப்பதில்லை. தன் மூளையை உருவாக்கும் கூட்டத்தையும் இழக்கிறது.

கூண்டில்லாத பறவைக்கும் இது பொருந்தும். தூக்கணாங்குருவி தனிக்கூடாக அன்றி, பல கூடுகள் கொண்ட குடியிருப்பாகவே பெரும்பாலும் வாழ்வது. கூட்டுக்கு நெல்லிலையும் புல்லும், தொங்கவிடப் பனையும் வேண்டும். ஆலைகளும் குடியிருப்புகளும் விரியும் எண்ணூர், மீஞ்சூர் வட்டாரத்தில் ஒரு பனை வெட்டப்படும்போது, பாட்டைக் கேட்டுக் கற்க ஓர் இளம் பறவைக்கு இருந்த இடமும் குறைகிறது.